நீல டிரம்மில் நான் ஊற்றியது

பிரபு, அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை அதற்காகவே உன்னைக் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் மகளிர் குழுவுக்கு வருஷக்கணக்காகத் தீர்மான நோட்டு எழுதிப் பழகிய கை இது. எழுத உட்கார்ந்துவிட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு ஓட முடியாது. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் உரக் கேனுக்குப் புது லேபிளை அச்சுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். இதைப் படித்து முடிக்கும்வரை கொடுக்காதே.

போன மாதம் சிதம்பரத்தில் நீ படித்த காலேஜில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மீன் கழிவிலிருந்து பயிருக்கு உரம் செய்கிற பழைய மாணவன் என்று உன்னை மேடையில் உட்காரவைத்தார்கள். நீ பிடிவாதமாக அழைத்ததால் நானும் வந்தேன். காலையில் மீன் அறுத்த கையை எலுமிச்சம்பழம் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாகத்தான் பேசினாய். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண் நீ சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்போது நீ கீரப்பாளையத்துக் கதையைச் சொன்னாய். “நான் செஞ்ச பெரிய தப்பு அளவுதான். லிட்டருக்கு இருபது மில்லி கலந்தேன். ஒரு விவசாயியோட நாத்து முழுக்கக் கருகிப்போச்சு. அன்னையிலேருந்து அஞ்சு மில்லியத் தாண்டுனதில்ல. கேக்குறவங்க எவ்ளோ கேட்டாலும் தாண்ட மாட்டேன்” என்றாய். அந்தப் பெண் ‘ஐந்து மில்லி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். எனக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து வெளியே வந்து, நீ பேசி முடிக்கும்வரை வராந்தாவில் நின்றேன். நீ பிறகு கேட்டதற்குப் புழுக்கம் என்று சொன்னேன். அந்த நாற்றைக் கருக்கியது உன் அளவு இல்லை, பிரபு. நான்தான்.

எதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உன் மூன்றாம் வருஷத்திலிருந்தே சொல்கிறேன். தொழில் முனைவு என்று ஒரு பாடம் வைத்து, மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் செய்யாத ஒரு பொருளை ஆளுக்கொன்று யோசித்துச் செய்து, அதை வாங்க ஒரு ஆளையும் நீங்களே தேடிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். நீ செய்தித்தாளில் பை ஒட்டிக்கொண்டு போனாய். உன் சார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்கயோ கேட்ட யோசனை. ஒங்க வீட்டுப் பக்கம் என்னா வீணாப் போவுதோ அதப் பாத்துட்டு வா” என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தவன், மறுநாள் காலையில் என்ன தோன்றியதோ, முதுநகர் மீன் மார்க்கெட்டில் என் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நீ அங்கே வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஹாஸ்டலில் கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று நீ சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருந்தேன். அன்றைக்கு நீ என் அன்னக்கூடையில் சேர்ந்திருந்த செவுள், குடல், தலை எல்லாவற்றையும் பார்த்தாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் உப்பனாற்றில் கொட்டுவதையும் பார்த்தாய். “தெனமும் இவ்ளோ கொட்டுறியாம்மா?” என்றாய். “இது கம்மிடா. கூட ஒக்காந்திருக்குற பொம்பளைங்க எல்லாரும் கொட்டுறாங்க இல்ல?” என்றேன். என் கூடையை வாங்கி நீயே சுமந்துகொண்டு வந்தாய். சட்டை முழுக்க நாறியது. பஸ்ஸில் அதே சட்டையோடுதான் சிதம்பரம் போனாய்.

முதல் டிரம் எப்படி ஆனது என்று உனக்கு நினைவிருக்கும். கழிவுக்குச் சம எடையில் வெல்லத்தை நசுக்கிப் போட்டு மூடிவைத்தால் இருபது இருபத்தைந்து நாளில் சாறு இறங்கும் என்று படித்துவிட்டு வந்து, மூடியைக் காற்றுப் போகாமல் இறுக்கிவிட்டாய். பன்னிரண்டாம் நாள் அது வெடித்து, சுவரெல்லாம் தெறித்து, குப்பமே வாசலில் வந்து நின்றது. “இந்த நாத்தத்துக்கு ஒரு படிப்பு வேறயா?” என்று உன் அப்பா கத்தினார். நீ சுவரைக் கழுவினாய். இரண்டாவதில் புழு வைத்தது. மூன்றாவது டிரம்மைத் திறந்தபோது டீ டிகாஷன் நிறத்தில் தெளிந்து, பழுத்த பழத்தின் வாசம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கீரப்பாளையத்துக்குப் போனாய். கலியபெருமாள் அங்கே குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போடுகிறவர். முதலில் நம்பவில்லை. வெண்டைக்காயில் இரண்டு பாத்திக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். பத்து நாளில் அந்த இரண்டு பாத்தியின் இலை மட்டும் தனியாகத் தெரிந்ததாம். ஜூன் மாதம் இரண்டு ஏக்கருக்குக் கத்தரி நாற்று விடப்போகிறேன், முழுக்க உன் சரக்குதான் என்று சொல்லிவிட்டார். நீ வகுப்பில் அதைச் சொன்னபோது உன் சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். பொருள் உன்னுடையது, கழிவு சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டதற்கு, “எங்கம்மாதான் சார் என் பார்ட்னர். கடலூர்ல மீன் அறுக்குறாங்க” என்றாயாம். இதை நீ எனக்குப் போனில் சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்நாளில் எனக்கு ஒரு பொறுப்பின் பேர் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நான் செய்ததற்கு இதுதான் காரணம். சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகு எல்லாம் கரையில் நின்றது. சின்ன போட்டுக்காரர்கள் கொண்டுவரும் மீன் மார்க்கெட்டுக்கே போதவில்லை, கழிவுக்கு எங்கே போவது? நீ பரீட்சைக்காகச் சிதம்பரத்திலேயே இருந்தாய். போவதற்கு முன்னால் வாசலில் நின்று, “ரெண்டு டிரம் வேணும்மா. ஆவலன்னா இப்பவே சொல்லிடு. கலியபெருமாள் மாமாகிட்ட கம்மியாத் தர்றேன்னு சொல்லிக்கிறேன், ஒண்ணும் தப்பில்ல” என்றாய். எனக்கு வழி விட்டுத்தான் கேட்டாய். நான்தான் “அதெல்லாம் ஆயிடும், நீ போயிப் பரீட்சைய எழுது” என்றேன். அலைந்து அலைந்து ஒரு டிரம் நிறைந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் கருவாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அங்கே மீனை ஊறப்போடும் உப்புத் தொட்டியின் அடியில் தலையும் குடலும் சேறுமாதிரி தங்கியிருக்கும். அதை வாரிப் போட்டேன். அலசியிருக்க வேண்டும். அன்றைக்குத் தண்ணி லாரி வரவில்லை, வீட்டில் குடிக்க இருந்ததே இரண்டு குடம். அப்படியே கொட்டினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. தொட்டியில் இருந்த உப்புத் தண்ணியையும் இரண்டு குடம் மொண்டு ஊற்றினேன். இரண்டு டிரம்மும் வேறு வேறு நிறமாகத் தெரிந்தது. உனக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்று அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்குமாக மாற்றி மாற்றி ஊற்றிக் கலக்கினேன். நல்லதாக இருந்த ஒரு டிரம்மையும் நானே கெடுத்தேன்.

உப்பு பயிருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் தெரியும். சுனாமி வந்து இரண்டு மாதம் கழித்து, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், குப்பத்துக்குப் பின்னால் இருந்த தோட்டங்களின் பக்கமாக நாம் இரண்டு பேரும் நடந்து வந்தோம். கத்தரியும் மிளகாயும் நின்ற இடமெல்லாம் குச்சி குச்சியாகக் காய்ந்து, மண் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. “அலதான் திரும்பப் போயிடுச்சே, அப்பறம் ஏம்மா செடியெல்லாம் செத்துப்போச்சு?” என்று கேட்டாய். “தண்ணி போயிடுச்சு, உப்பு போவலடா. வேரு உப்பக் குடிச்சிடுச்சு” என்று உனக்குச் சொன்னவளே நான்தான். தொட்டியில் குடத்தை முக்கும்போது அது என் மனசில் வந்தது. இவ்வளவு வெல்லம் போட்டிருக்கிறதே, தண்ணியில் கலந்துதானே ஊற்றுவான், என்ன ஆகிவிடப்போகிறது என்று அந்த நினைப்பை அமுக்கிவிட்டேன்.

நீ பரீட்சை முடிந்து வந்து டிரம்மைத் திறந்தாய். குனிந்து மோந்து பார்த்தாய். மறுபடி மோந்து பார்த்தாய். “அம்மா, இந்த வாட்டி வாசம் வேற மாரி இருக்கே?” என்றாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, “வெயிலு ஜாஸ்திடா, அதான்” என்றேன். நீ ஒரு நிமிஷம் அப்படியே நின்றாய். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஒருவனுடைய நாற்றும் கெட்டிருக்காது. நீ சரி என்று தலையாட்டிவிட்டுக் கேனில் ஊற்ற ஆரம்பித்தாய். இதைக் கேள், பிரபு. அன்றைக்கு உன் மூக்கு சரியாகச் சொன்னது. நீ அதை விட்டுவிட்டு என் வாயை நம்பினாய். இனிமேல் சரக்கு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும், சொல்வது நானாக இருந்தாலும், உன் மூக்கையே நம்பு.

கலியபெருமாளின் போன் வந்தபோது நானும் உன் கூடத்தான் இருந்தேன். “பிரபு, ஒடனே கெளம்பி வா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வழியில் பி.முட்லூரைத் தாண்டினோம். அப்புறம், “பூச்சியா இருக்கும்மா” என்றாய். நான் ஆமாம் என்றேன். வயலில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. விரல் நீளம் வளர்ந்திருந்த நாற்று, பாத்தி பாத்தியாக நுனி பழுப்பாகிச் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. உன் சரக்கு படாத ஓரத்துப் பாத்தி ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. கலியபெருமாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனைவிதான் வரப்பில் உட்கார்ந்து, “படிச்ச புள்ளன்னு நம்புனமே, நாங்க இப்ப நாத்துக்கு எங்க போவோம்? மழ வர்றதுக்குள்ள காய் எடுக்கணுமே” என்று அழுதார். கலியபெருமாள் ஒரு நாற்றைப் பிடுங்கி உன் கையில் கொடுத்து, “என்னாடா கலந்த?” என்றார். நீ “மீனும் வெல்லமுந்தான் மாமா” என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லும்மா. ஒன் மவன் என்னா கலந்தான்?”

உரக் கேன் வைத்திருந்த இடத்தில், மூடி வழியாகக் கசிந்து காய்ந்த மண்ணின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நீ நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த இடத்தில் போய் நின்று, காலால் அந்த வெள்ளையைத் தேய்த்து மண்ணோடு கலந்துவிட்டேன். தேய்த்துக்கொண்டே, “எனக்கென்ன தெரியும், அவன் சொன்னதத்தான் செஞ்சேன்” என்றேன். இந்த வார்த்தையை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. உன்னைக் காட்டிக்கொடுத்தமாதிரி அது அவர் காதில் விழுந்தது. உன் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அளவு ஜாஸ்தியாயிடுச்சு மாமா. கணக்குப் போட்டது நான். தப்பு என்னோடது. நாத்து நானே விட்டுத் தர்றேன்” என்றாய்.

அந்த ஒரு மாதம் நீ கீரப்பாளையத்திலேயே கிடந்தாய். அவர்கள் மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்த அறையில் தங்கி, விதை வாங்கி வந்து, பாத்தி பிடித்து, பூவாளியால் தண்ணி ஊற்றி நாற்று விட்டுக் கொடுத்தாய். காலேஜில் அந்தப் பாடத்துக்காக வைத்த போட்டியின் கடைசிச் சுற்றுக்கு உன்னைக் கூப்பிட்டபோது, என் பொருள் ஒரு விவசாயிக்கு நஷ்டம் பண்ணிவிட்டது, காரணம் முழுதாகத் தெரியும்வரை போட்டிக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். துணிப்பை தைத்தவன், சோப்புச் செய்தவள் எல்லோரும் மேடையேறினார்கள். நீ இளைத்துப்போய் வீட்டுக்கு வந்து, இருபது, பதினைந்து, பத்து, ஐந்து என்று சின்னச் செடித் தொட்டிகளில் ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் புதுச் சரக்கில்தானே பார்த்தாய்? அதில் இருபதிலும் ஒன்றும் கருகவில்லை. “புரியலியேம்மா” என்று தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய். “வயல் வெயில் வேற, தொட்டி வெயில் வேற” என்றேன். அதையும் நம்பினாய். பயந்து ஐந்தில் நிறுத்திக்கொண்டாய். கலியபெருமாள் ஒரு மாதம் தள்ளி நட்டார். காய் பறிக்கிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதிதான் கைக்கு வந்தது. அவர் அதற்காக உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவராகவே வந்து உன் கேனை வாங்கிக்கொண்டு போனதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாய். போன டிசம்பர் புயலில் உன் கொட்டகைக் கூரை பறந்தபோது கீற்றோடு முதலில் வந்து நின்றவரும் அவர்தான். ஒவ்வொரு தடவை அவரைப் பார்க்கும்போதும் என் காலடியில் அந்த மண் நறநறக்கும்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் ஒரு வருஷம் பயம். உன் பார்ட்னர் என்ற பேர் போய்விடுமே என்ற பயம். அப்புறம் நீ எழுந்து நின்றுவிட்டாய், இனி எதற்கு என்று நினைத்தேன். ஆனால் என் பொய் உன் லேபிளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பிரபு. ஐந்து மில்லியில் பலன் தெரியவில்லை, வெறும் தண்ணிமாதிரி இருக்கிறது என்று விருத்தாசலம் கடைக்காரர் திருப்பி அனுப்பியதை நீ சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரியும் ஏன் என்று. போதாக்குறைக்கு அதை இப்போது பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். உன்னிடம் இப்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ‘முடியல’ என்று வந்து சொன்னால் முகத்தைச் சுளிக்காதே. ஆயிடும் ஆயிடும் என்று சொல்கிறவர்களைத்தான் இரண்டாம் தடவை கேட்கவேண்டும். என்னை நீ இரண்டாம் தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, அது தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் மட்டும் கீரப்பாளையம் போனேன். உனக்குத் தெரியாது. கலியபெருமாள் மோட்டார் கொட்டகையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், காலால் தேய்த்ததையும் சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். பிறகு, “அன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்தப்பவே என்னமோ இருக்குன்னு தோணுச்சு. பெத்தவ, புள்ளைக்காகப் பயப்படுறான்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “பிரபுகிட்டச் சொல்லிட்டியா?” என்றார். இல்லை என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. “அப்ப ஏன் இங்க வந்த? எனக்குப் போனது ஒரு போகம். அவன் இன்னும் பயந்துக்கினே தொழில் பண்றான். மொதல்ல அவன்கிட்டப் போ” என்று எழுந்துபோய்விட்டார். காபி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இந்தக் கடிதத்தோடு உன் அப்பாவிடம் இரண்டு கேன் கொடுத்தனுப்புகிறேன். நீ காலேஜில் பேசிவிட்டு வந்த மறுநாளே இரண்டையும் போட்டேன். ஒன்றில் புது மீனின் கழிவும் வெல்லமும் மட்டும். இன்னொன்றில் அன்றைக்குச் செய்தது அப்படியே, தொட்டி அடியும் உப்புத் தண்ணியும் அதே அளவு. எது எது என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் சொல்வதை நம்பாதே. நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லை. கத்தரி விதை போட்டு இரண்டு பாத்தி விடு, இரண்டிலும் லிட்டருக்கு இருபது மில்லி ஊற்று, உன் கண்ணாலேயே பார். அதற்கப்புறம் லேபிளில் என்ன போடவேண்டுமோ போடு. அந்தக் காலேஜ் பிள்ளைகளை இன்னொரு தடவை பார்த்து, எழுதியதை அடிக்கச் சொல். ஏன் கருகியது என்று கேட்பார்கள். யாரோ கலந்துவிட்டார்கள் என்று மழுப்பாதே. என் அம்மா உப்பு போட்டுவிட்டு இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தாள் என்று என் பேரைச் சொல்லியே சொல்.

அம்மா